ஐம்பது வயது லாரிக்கு ஏன் இடமில்லை?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, சங்ககிரியை அடுத்த ஒரு பழைய இரும்புக் கடையில், எரிவாயுக் கட்டரால் துண்டு போடுவதற்குக் காத்திருந்த ஒரு லாரியை எடைக்கு விலை பேசி வாங்கினேன். எண்ணூர்த் தொழிற்சாலையில் உருவான, 1968-ஆம் ஆண்டின் லேலண்ட் காமெட் அது. வீட்டுக் களத்தில் அதைக் கொண்டுவந்து இறக்கியபோது அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?’ லாரி இன்று தன் சொந்த என்ஜினில் இயங்குகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கான விடையை என்னால் இன்னும் முழுமையாகச் சொல்ல இயலவில்லை. காரணம், அந்த லாரியைச் சாலையில் ஓட்ட நம் சட்டத்தில் வழி இல்லை.

பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பேணுவோர் நாட்டில் பலர் உள்ளனர். அவற்றுக்கு அணிவகுப்புகள் உண்டு, கோவையில் ஜி.டி. அருங்காட்சியகம் போன்ற அரிய சேகரங்களும் உண்டு. நாட்டின் நெல்லையும் சிமெண்டையும் பருத்தியையும் சுமந்த லாரிகளின் கதி வேறு. உழைத்து ஓய்ந்த மறுநாளே அவை எடைக்குப் போய்விடுகின்றன. இத்தகைய வாகனம் ஒன்றை வீட்டில் மீட்டெடுப்பது எவ்வாறு, அதை ஏன் மீட்டெடுக்க வேண்டும் என்பதை விளக்க இக்கட்டுரையில் முயல்கிறேன்.

எண்ணூரும் சங்ககிரியும்

சென்னையில் 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டும் நிறுவனமாகவே இருந்தது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, காமெட் லாரிகள் எண்ணூரில் உருவாகத் தொடங்கின. 1950-களின் நடுவில் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1954-இல், டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் இணைந்தது; 1969 வரை நீடித்த அந்த உறவில் டாடா மெர்சிடிஸ் லாரிகள் பிறந்தன. விடுதலைக்குப் பிந்தைய இந்தியச் சாலைப் போக்குவரத்தைத் தாங்கியவற்றுள் இவ்விரு குடும்பங்களுக்கும் முதன்மையான இடம் உண்டு.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத பகுதி ஒன்றுண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது முழு லாரி அன்று. என்ஜின், கியர்பாக்ஸ், அச்சுகள், சக்கரங்கள் ஆகியவற்றுடன் கூடிய சேஸிஸ் மட்டுமே வந்தது. ஓட்டுநர் அமரும் கேபினையும் சுமை ஏற்றும் பெட்டியையும் வாங்கியவரே பட்டறையில் கொடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் வட்டாரங்களில் ‘பாடி கட்டும்’ தொழில் வளர்ந்தது. வானம் பார்த்த பூமியில் விவசாயம் கைவிட்டபோது, தச்சரும் கொல்லரும் லேத் பட்டறைக்காரரும் பெயிண்டரும் இத்தொழிலில் பிழைத்தார்கள். ஆகவே என் காமெட்டின் அடிப்பகுதி எண்ணூருடையது என்றால், மேற்பகுதி சங்ககிரியுடையது. அது ஓர் ஊரின் கைவேலை.

முதல் பாடம்: சாவியைத் தொடாதே

பழைய லாரி வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் எழும் ஆசை, பேட்டரியை இணைத்து என்ஜினைச் சுழற்றிப் பார்ப்பதுதான். ஐம்பது ஆண்டுகள் லாரிப் பட்டறையில் கழித்த ஒரு பெரியவர் என்னைத் தடுத்தார். “தம்பி, இது தூங்கவில்லை, துருப்பிடித்துக் கிடக்கிறது. அவசரப்பட்டால் உடைத்துவிடுவீர்கள்” என்றார். அவர் சொன்னதில் இருந்தது எளிய இயந்திரவியல். பல ஆண்டுகள் நின்றுபோன என்ஜினுக்குள் ஈரம் புகுந்து, பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் லைனரோடு ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் விசையுடன் சுழற்றினால் வளையங்கள் முறியும், லைனர் கீறிப்போகும், அதற்கு மேல் செலவு கட்டுக்கடங்காது.

எனவே முதல் மாதம் முழுதும் நாங்கள் எதையும் இயக்கவில்லை. பார்த்தோம், படமெடுத்தோம், குறித்துக்கொண்டோம். எந்தக் குழாய் எங்கே செல்கிறது, எந்த ஆணி எவ்வளவு நீளம், எந்தத் தகடு எந்தத் தகட்டின் மேல் அமர்ந்திருக்கிறது என்பவையெல்லாம் கழற்றும்போது தெளிவாகத் தெரியும். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது மறந்துபோயிருக்கும். பழைய வாகனங்களைக் கழற்றிவிட்டுப் பூட்ட இயலாமல் கைவிட்டவர்கள் பலர். அவர்கள் தோற்றதற்குத் திறமைக் குறைவைவிடக் குறிப்பெடுக்காமையே பெரிய காரணம்.

அடுத்தது பாதுகாப்பு. கார் பழுதுபார்ப்பில் பழகிய கை இங்கே போதாது. காமெட்டின் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் மட்டுமே ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. ஹைட்ராலிக் ஜாக்கியை நம்பி லாரிக்கு அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்குக் கனமான இரும்புத் தாங்கிகளோ கெட்டியான மரக்கட்டை அடுக்குகளோ வேண்டும். களத்து மண் மழையில் இளகும் என்பதால், நாங்கள் முதலில் செய்தது லாரி நிற்கும் இடத்துக்குக் கான்கிரீட் தளம் போட்டதுதான்.

இன்னும் பெரிய ஆபத்து சக்கரத்தில் இருக்கிறது. அக்கால லாரிகளின் ரிம் ஒரே துண்டாக இராது. டயரை மாட்டிய பின் தனி இரும்பு வளையத்தைப் பொருத்தி அதைப் பூட்டுவார்கள். துருப்பிடித்த அல்லது சரியாக அமராத வளையம், காற்று நிரப்பும்போது வெடிகுண்டுத் துண்டைப் போலத் தெறிக்கும். அதனால் பட்டறைகளில் உயிரிழந்தவர்கள் உண்டு. எனவே சக்கரத்தைக் கழற்றுமுன் காற்றை முழுதாக இறக்க வேண்டும். மீண்டும் நிரப்பும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று, நீண்ட குழாய் வழியாக நிரப்ப வேண்டும். எங்கள் ஆறு ரிம்களில் இரண்டின் வளையங்கள் தேய்ந்திருந்தன. அவற்றை வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இரண்டையும் எடைக்குப் போட்டேன்.

பிரேக் டிரம்மைத் திறந்தபோது சாம்பல் நிறத் தூள் கொட்டியது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதை வாயால் ஊதுவதும் கம்ப்ரெஸர் காற்றால் அடிப்பதும் நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி. நுரையீரலுக்குள் சென்ற கல்நார் இழை பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. ஈரத் துணியால் நனைத்துத் துடைத்து, துணியோடு சேர்த்துப் பைக்குள் கட்டி அகற்றுவதே முறை. பழைய பெயிண்டைச் சுரண்டும்போதும் இதே எச்சரிக்கை தேவை. அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும்.

என்ஜின் உயிர்பெற்ற விதம்

டீசல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 மடங்கு சுருக்குகிறது. சுருங்கிய காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்த நொடியில் நாசில் வழியாக நுண்துளிகளாகப் பாயும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே பழைய டீசல் என்ஜின் இயங்குவதற்கு மூன்று நிபந்தனைகள் போதும்: காற்று கசியாமல் சுருங்க வேண்டும், எரிபொருள் சுத்தமாகவும் சரியான அழுத்தத்திலும் வர வேண்டும், அது சரியான நேரத்தில் வர வேண்டும். கணினி இல்லை, சென்சார் இல்லை. இந்த எளிமைதான் வீட்டில் இதைச் செய்ய முடியும் என்ற துணிவைத் தருகிறது.

நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டோம். பிறகு நீண்ட கம்பியால் பிளைவீலைச் சிறிது முன்னும் சிறிது பின்னுமாக அசைத்தோம். பன்னிரண்டாம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. முழுச் சுற்று சுற்றியபின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் நான்கு லைனர்கள் நன்றாக இருந்தன. இரண்டில் துரு ஆழமாகப் பதிந்திருந்தது. இரண்டை மட்டும் மாற்றுவதா, ஆறையும் மாற்றுவதா என்று பெரியவருக்கும் எனக்கும் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. “உழைக்கப் போகிற வண்டி என்றால் ஆறையும் மாற்றுவேன். நிற்கப் போகிற வண்டிக்கு அதன் பழைய உறுப்பே மரியாதை” என்று அவர் முடித்துவைத்தார். மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுவது, மற்றதைக் காப்பது என்பதே மீட்டெடுப்பின் இலக்கணம் என்று அன்று புரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் மாற்றினால் அது புதிய லாரியாகிவிடும்.

உதிரிபாகம் தேடுவது தனிப் படலம். சென்னை புதுப்பேட்டையிலும் சேலத்துப் பழைய கடைகளிலும் பலமுறை அலைந்தேன். லைனர், கேஸ்கெட் போன்றவை கிடைத்தன. காமெட்டின் என்ஜின் குடும்பம் நம் நாட்டில் நீண்ட காலம் தொடர்ந்ததே அதற்குக் காரணம். பிரேக்குக்கு உதவும் வெற்றிட பம்ப் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. பெட்ரோல் என்ஜினில் வெற்றிடம் தானாகவே கிடைத்துவிடும். டீசல் என்ஜினில் அதற்குத் தனி பம்ப் வேண்டும். தேய்ந்துபோன அதன் தகடுகளை ஒரு லேத் பட்டறைக்காரர் அளவெடுத்துப் புதிதாகக் கடைந்து தந்தார். அவரிடம் வரைபடம் எதுவும் இல்லை. விரல் நுனியால் தடவிப் பார்த்தே தேய்மானத்தைச் சொன்னார். அளந்தபோது சரியாக இருந்தது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பட்டறையில் அவருக்குப் பின் ஆள் இல்லை.

முதன்முறை இயக்கும் நாளில் என் கையில் ஒரு பலகையைக் கொடுத்து, காற்று உள்ளிழுக்கும் வாயருகே நிறுத்தினார்கள். நீண்ட நாள் கிடந்த எரிபொருள் பம்பின் உள்ளுறுப்பு சிக்கிக்கொண்டால், என்ஜின் வேகம் கட்டுப்பாடின்றி ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்போது காற்றை அடைப்பது ஒன்றே வழி. அன்று பலகைக்கு வேலை வரவில்லை. வெண்புகை, பிறகு கரும்புகை, பிறகு தெளிந்த ஓட்டம். தெருவே கூடி நின்றது. முன்பு கேள்வி கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், தம் தகப்பனார் இதே போன்ற வண்டியில் கிளீனராக இருந்ததை அன்றுதான் சொன்னார்.

கேபினில் கண்ட வரலாறு

கேபின் வேலைக்கு ஓராண்டு பிடித்தது. மரச்சட்டத்தின் மீது தகடு போர்த்திய கேபின் அது. சட்டத்தின் அடிக்கட்டைகள் உளுத்திருந்தன. அவற்றை மாற்றிய ஆசாரி, மூலைகளில் இருந்த பொருத்துகளைப் பார்த்து, இது மூன்று வெவ்வேறு கைகளின் வேலை என்றார். அதாவது, லாரி தன் வாழ்நாளில் குறைந்தது மூன்று முறை கேபின் மாற்றம் கண்டிருக்கிறது. நெற்றிப் பலகையின் பெயிண்டை அடுக்கடுக்காக நீக்கியபோது அதன் கீழ் ‘பப்ளிக் கேரியர்’ என்ற எழுத்துகள் தெரிந்தன. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாடகைக்கு ஓடும் சுமை வண்டியையும் சொந்தச் சரக்கு சுமக்கும் வண்டியையும் வேறுபடுத்தியது. வாடகை வண்டியின் நெற்றியில் எழுதப்பட்ட பெயர் அது. 1988-ஆம் ஆண்டின் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியபின் அப்பெயரும் மறைந்தது. ஒரு சட்டத்தின் வரலாறு ஒரு பெயிண்ட் அடுக்கில் எஞ்சியிருந்தது.

அந்தக் கேபினில் அமர்ந்து ஓட்டிப் பார்த்தபின்தான் அக்கால ஓட்டுநரின் வாழ்வு எனக்கு விளங்கியது. பவர் ஸ்டீயரிங் இல்லை. திருப்பத்தில் உடல் முழுவதும் வளைந்தாக வேண்டும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிளட்சை இருமுறை மிதித்து, பற்சக்கரங்களின் வேகத்தைக் காதால் கேட்டு இணைக்க வேண்டும். என்ஜினின் வெப்பம் காலில் அடிக்கும். களத்தைப் பத்து முறை சுற்றுவதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. இந்த இருக்கையில் அமர்ந்து நாட்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அந்த விதி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை உணர, பழைய கேபின் ஒன்றில் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். அருங்காட்சியகம் கற்பிக்க வேண்டியது இத்தகைய உண்மைகளைத்தான்.

சட்டத்தில் விடுபட்டது

மத்திய அரசு 2021-இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ‘விண்டேஜ்’ வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வாகனங்களுக்குத் தனி எண் வரிசையும் பத்தாண்டுப் பதிவும் கிடைக்கின்றன. வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால் அது தனிப்பட்ட பயன்பாட்டுக்குரிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு மட்டுமே உரியது. சரக்கு வாகனத்துக்கு அதில் இடமில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் என் கோப்பைப் பார்த்த அலுவலர், “கார் என்றால் செய்து தந்திருப்பேன், சார்” என்று வருத்தத்தோடு திருப்பித் தந்தார். பிழை அவருடையது அன்று, விதி அப்படி.

லாரி செல்லக்கூடிய மற்றொரு வழி, வணிக வாகனமாகத் தகுதிச் சான்று பெறுவது. 15 ஆண்டுகள் கடந்த கனரக வாகனத்துக்கு அதன் கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாள்தோறும் சுமை ஏற்றிச் சம்பாதிக்கும் வண்டிகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட முறை அது. ஆண்டுக்கு இரண்டு நாள் வெளியே வரக்கூடிய லாரிக்கு அது பொருந்தாது.

விதியில் இன்னொரு சிக்கலும் உள்ளது. விண்டேஜ் வாகனம் தன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கண்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வந்த காருக்கு இது சரி. கேபினே இல்லாமல் பிறந்த லாரிக்கு ‘மூல வடிவம்’ எது? முதல் பட்டறை கட்டிய கேபினா, மூன்றாம் பட்டறை கட்டியதா? மாறிக்கொண்டே வாழ்ந்ததுதான் இந்திய லாரியின் இயல்பு. ஆகவே லாரிகளை வெறுமனே இவ்விதியில் சேர்த்தால் மட்டும் போதாது. அவற்றுக்கென வேறு இலக்கணம் வேண்டும்.

பழைய டீசல் வாகனம் காற்றைக் கெடுக்கிறதே, அதற்கு ஏன் பரிந்து பேச வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகை கக்கும் பழைய லாரிகள் வணிகச் சேவையிலிருந்து விலக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பழைய வாகனங்களை அழிக்கும் கொள்கையை நான் எதிர்க்கவில்லை. நான் கேட்பது வணிக ஓட்டத்துக்கான விலக்கு அன்று. சுமை ஏற்றாமல், வாடகை வாங்காமல், ஆண்டுக்குச் சில நாள் மட்டும், அனுமதி பெற்று வெளியே வரும் சில வண்டிகளைப் பற்றியே பேசுகிறேன்.

இங்கிலாந்தில் லேலண்ட் நகரிலேயே வணிக வாகனங்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லாரிகளும் பேருந்துகளும் ஆண்டுதோறும் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை அணிவகுத்துச் செல்கின்றன. காமெட்டின் பிறந்த வீட்டில் அதற்குக் கிடைக்கும் மதிப்பு, அது வாழ்ந்து உழைத்த ஊரில் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. முதலாவது, 50 ஆண்டுகள் கடந்த சரக்கு வாகனங்களையும் பேருந்துகளையும், வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனையோடு, விண்டேஜ் விதிக்குள் கொண்டுவர வேண்டும். சேஸிஸும் என்ஜின் வகையும் மூலமாக இருந்தால் போதும், கேபின் அக்கால உள்ளூர் முறைப்படி கட்டப்பட்டிருக்கலாம் என்று அதில் தெளிவுபடுத்த வேண்டும். இரண்டாவது, வாகன அழிப்பு மையங்களுக்கு வரும் மிகப் பழைய வண்டிகளை நொறுக்குவதற்கு முன், அவற்றைப் பேண விரும்புவோர் கோர ஒரு மாத அவகாசம் தர வேண்டும். மூன்றாவது, நாமக்கல் வட்டாரத்தில் லாரித் தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகமும், அதனோடு இணைந்த பயிற்சிப் பட்டறையும் அமைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் அவசரமானது. இரும்பு துருப்பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்; விரல் நுனியின் அறிவு ஒரே நாளில் போய்விடும். என்னைத் தடுத்த பெரியவர் சென்ற ஆண்டு காலமானார். நாசில் பீய்ச்சும் ஒலியைக் கேட்டே அதன் அழுத்தத்தைச் சொல்லும் கலையை எனக்குக் கற்றுத்தர அவர் இரண்டு முறை முயன்றார்; நான் அரைகுறையாகத்தான் கற்றேன். லாரி களத்தில் நிற்கிறது. மாதம் ஒருமுறை அதை இயக்கிக் களத்துக்குள்ளேயே சுற்றி வருகிறேன். அவர் இருந்தபோது ஒரு நாளேனும் அதைச் சாலையில் ஓட்டிக் காட்டியிருக்கலாம் என்ற எண்ணம் அப்போதெல்லாம் எழுகிறது. அதற்குத் தடையாக இருந்தது விதியில் விடுபட்ட ஒரு வரி.